ரிவால்வரில் ஸ்பிரிங் மாற்றுவது: டபுள் ஆக்ஷன் எடையை எதுவரை குறைக்கலாம்?

குறிநோக்கி:

வணக்கம். என்னிடம் இருப்பது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 686. ஆறு அங்குலக் குழல், .357 மேக்னம், ஃபயரிங் பின் (தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஊசி) ஃபிரேமிலேயே இருக்கும் புது வகை. ரேஞ்சில் பெரும்பாலும் .38 ஸ்பெஷல்தான். பாதி கடையில் வாங்கியது, பாதி காலிக் கூடுகளில் நானே மருந்தடைத்து ரீலோட் செய்தது. இரவில் வீட்டுப் பாதுகாப்புக்கும் இதே ரிவால்வர்தான்.

ஹாமரை (அடிக்கும் சுத்தியை) கட்டைவிரலால் ஏற்றிவிட்டு ட்ரிகரை அழுத்தும் சிங்கிள் ஆக்ஷன் 3.5 பவுண்டு, அதில் குறையில்லை. ட்ரிகரே ஹாமரை ஏற்றியும் விடும் டபுள் ஆக்ஷன்தான் கனம். ட்ரிகர் எடை அளக்கும் லைமன் டிஜிட்டல் கேஜ் 12 பவுண்டு வரைதான் காட்டும், இது அதையும் தாண்டுகிறது. எட்டு பவுண்டுக்குக் கொண்டுவந்தவர்களும் இருக்கிறார்கள், அப்படிச் செய்துவிட்டுத் தோட்டா வெடிக்காமல் தவிப்பவர்களும் இருக்கிறார்கள்.

மெயின் ஸ்பிரிங், ரீபவுண்ட் ஸ்பிரிங் இரண்டில் எதை முதலில் மாற்ற வேண்டும்? எந்த எடை வாங்குவது? பிடியின் முன்பக்கம் இருக்கும் ஸ்ட்ரெய்ன் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தினாலே போதும் என்கிறார்களே, அது சரிதானா? பக்கவாட்டு மூடியான சைட் பிளேட்டை இதுவரை திறந்ததில்லை, கருவிகள் இருக்கின்றன.

---

சைட்பிளேட்:

வீட்டுப் பாதுகாப்புக்கும் இதேதான் என்றால் எட்டு பவுண்டு வேண்டாம். எந்தப் பிரைமர் (தோட்டாவின் அடியில் அடிபட்டு மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) போட்டாலும் வெடிக்க வேண்டிய ரிவால்வருக்கு டபுள் ஆக்ஷனில் 10 பவுண்டை ஒட்டி நிறுத்துவதே சரி. எட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் போட்டிக்காரர்கள். அவர்கள் ஃபெடரல் பிரைமர் போட்டு, ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து அழுத்திய தோட்டாக்களை மட்டுமே சுடுவார்கள். அந்தத் துப்பாக்கியில் கடைத் தோட்டாவைப் போட்டால் கிளிக் சத்தம் மட்டும் கேட்கலாம்.

இரண்டு ஸ்பிரிங்கும் ஒன்றையொன்று எப்படித் தள்ளுகின்றன என்று தெரிந்தால் எதை முதலில் தொடுவது என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். பிடிக்குள் இருக்கும் தட்டையான பட்டைதான் மெயின் ஸ்பிரிங், ஹாமரை அடிப்பது அது. ட்ரிகருக்குப் பின்னால் ரீபவுண்ட் ஸ்லைடு என்ற சிறு கட்டை இருக்கிறது, அதற்குள் இருக்கும் சுருள்தான் ரீபவுண்ட் ஸ்பிரிங். அது ட்ரிகரை முன்னே தள்ளித் திருப்புகிறது. அத்தோடு வேலை முடிவதில்லை. ட்ரிகர் திரும்பி முடியும் கடைசிக் கட்டத்தில் அந்த ஸ்லைடு ஹாமரின் அடிப்பகுதியில் மோதி, மெயின் ஸ்பிரிங்கை எதிர்த்து ஹாமரைச் சற்றுப் பின்னுக்கு ஏற்றி நிறுத்தவும் வேண்டும். மெயின் ஸ்பிரிங் முழுப் பலத்தில் இருக்க ரீபவுண்ட் ஸ்பிரிங்கை மட்டும் அதிகமாக மெலித்தால், ட்ரிகர் அந்தக் கடைசி மில்லிமீட்டரில் சோம்பி நிற்கும். இரண்டையும் சேர்த்து யோசிக்காமல் ஒன்றை மட்டும் மாற்றுகிறவர்களுக்குப் பெரும்பாலும் வரும் தொல்லை இதுதான்.

ஆலை ரீபவுண்ட் ஸ்பிரிங் சுமார் 18 பவுண்டு. மாற்றாக வருபவை 11 முதல் 16 வரை. உங்கள் பயன்பாட்டுக்கு 15 அல்லது 14 வாங்குங்கள், 13க்குக் கீழே போகாதீர்கள். இதை முதலில் மாற்றுங்கள். இது குறைந்தால் ஹாமர் அடிக்கும் பலம் குறையாது, அதனால் தோட்டா வெடிக்காமல் போகும் பயம் இல்லை. அப்படியும் கனமாகத் தெரிந்தால் மட்டும் பிறகு மெயின் ஸ்பிரிங். வோல்ஃப் நிறுவனம் மெயின் ஸ்பிரிங்கை ஆலைப் பலத்திலும் குறைந்த பலத்திலும் தருகிறது. உங்களுக்கு ஆலைப் பலமே போதும்.

ஸ்ட்ரெய்ன் ஸ்க்ரூவைத் தளர்த்தாதீர்கள். அது மெயின் ஸ்பிரிங்கை வளைத்து நிறுத்தும் முட்டு. அடிவரை இறுகியிருந்தால்தான் அசையாமல் நிற்கும். அரைச் சுற்று தளர்த்தினால் அன்றைக்கு இதமாக இருக்கும், சுடச் சுட அதிர்வில் தானாகவே இன்னும் கழன்று ஒருநாள் அடி பலவீனமாகும். வெடிக்காத தோட்டாவோடு யார் வந்தாலும் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது அந்த ஸ்க்ரூவைத்தான். அதன் நுனியை அராவிக் குட்டையாக்குவதும் வேண்டாம். திரும்பப் பெரிதாக்க முடியாது.

ஸ்பிரிங் வாங்குமுன் செலவில்லாத இரண்டு வேலை இருக்கிறது. சிலிண்டரைத் திறந்து, காலிக் கூடுகளை வெளியே தள்ளும் எஜெக்டர் நட்சத்திரத்தின் அடியில் பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். எரியாத மருந்துத் துகள் ஒன்று அங்கே மாட்டினால் சிலிண்டர் பின்னால் உரசி ட்ரிகர் கனக்கும். அடுத்து எஜெக்டர் ராடு இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள். கழன்றிருந்தாலும் அதே கனம் வரும். அதன் மரை இடது மரை என்பதை மறக்காதீர்கள். இறுக்கும்போது அறைகளில் காலித் தோட்டாக் கூடுகளைப் போட்டுக்கொண்டால் நட்சத்திரத்தின் ஊசிகள் முறுக்கப்படாமல் தப்பும்.

இனி பிரிக்கும் முறை. தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். ஆறு அறைகளையும் கண்ணாலும் விரலாலும் பாருங்கள்.

பிடியைக் கழற்றுங்கள். ஸ்ட்ரெய்ன் ஸ்க்ரூவைத் தளர்த்தி, மெயின் ஸ்பிரிங்கின் மேல்நுனியை ஹாமரில் தொங்கும் கொக்கியிலிருந்து விடுவித்து வெளியே எடுங்கள். பிறகு சைட் பிளேட்டின் மூன்று ஸ்க்ரூ. குழிவாகத் தீட்டிய ஸ்க்ரூடிரைவர்தான் வேண்டும், வீட்டு ஆப்பு வடிவ டிரைவர் ஸ்க்ரூ தலையைக் கிழித்துவிடும். மூன்றையும் கழற்றிய இடத்தைக் குறித்து ஒரு காகிதத்தில் குத்தி வையுங்கள். முன்பக்க ஸ்க்ரூ சிலிண்டரைத் தாங்கும் கையைப் பிடித்திருப்பது, பிடிக்குள் மறைவது தட்டைத் தலை கொண்டது. இடம் மாறினால் சிலிண்டர் கை ஆடும் அல்லது இறுகும்.

சைட் பிளேட்டை ஒருபோதும் நெம்பாதீர்கள். பிளேட் மேல்நோக்கி இருக்க ரிவால்வரை இடது கையில் தளர்வாகப் பிடித்து, பிடிச் சட்டத்தில் பிளாஸ்டிக் சுத்தியலாலோ மரக் கைப்பிடியாலோ தட்டுங்கள். அதிர்வில் பிளேட் தானே எழும்பும். நெம்பினால் விளிம்பு மடங்கும், பிறகு அந்த இடைவெளி என்றைக்கும் கண்ணில் படும். பிளேட் வந்ததும் உள்ளே நீளமாக ஒரு மெல்லிய தகடு தெரியும். அதுதான் ஹாமர் பிளாக். துப்பாக்கி கீழே விழுந்தாலும் ஹாமர் ஃபயரிங் பின்னைத் தொடாமல் தடுப்பது அது. பத்திரமாக எடுத்து வையுங்கள்.

சிலிண்டர் திறப்பானைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்து, ட்ரிகரைப் பாதி அழுத்தி, ஹாமரை நேராக மேலே தூக்குங்கள். அடுத்து ரீபவுண்ட் ஸ்லைடு. இதற்குள் ஸ்பிரிங் அழுந்தியிருக்கிறது. கண்ணாடி அணிந்து, கையையும் துப்பாக்கியையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக்கொண்டு, ஸ்லைடின் பின்பகுதியை அதன் முளையிலிருந்து மெல்லத் தூக்குங்கள். ஸ்பிரிங் பறந்தால் பைக்குள்ளேயே விழும்.

புது ஸ்பிரிங் போடுமுன் ஸ்லைடின் அடிப்பக்கத்தையும், ஃபிரேமை உரசும் பக்கத்தையும் மெல்லிய எண்ணெய் கல்லில் தட்டையாக வைத்து சில இழுப்பு இழுங்கள். கரடு போனால் போதும், உலோகம் குறையக் கூடாது. பலர் ஸ்பிரிங்கில் தேடும் இதம் பாதி இங்கேதான் கிடைக்கிறது. ஹாமர் பல்லையும் ட்ரிகர் நுனியையும் தொடவே வேண்டாம். கடினப்படுத்திய மேல்தோல் மிக மெல்லியது, அதைத் தேய்த்துவிட்டால் சிங்கிள் ஆக்ஷன் பிடிமானம் போய்விடும்.

திரும்பப் பூட்டும்போது ஸ்லைடை ஸ்பிரிங்கோடு முளைக்குள் அழுத்தி இறக்குவதுதான் கடினம். அதற்கென்றே ஒரு சின்னக் கருவி விற்கிறார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். மெல்லிய எண்ணெய் ஒவ்வொரு முளைக்கும் ஒரு துளி. ஹாமர் பிளாக்கின் துளை ஸ்லைடில் உள்ள முளையில் உட்கார்ந்திருக்க வேண்டும். சைட் பிளேட்டின் மேல் உதட்டை முதலில் செருகி, பிறகு கையால் அழுத்துங்கள். ஸ்க்ரூவின் பலத்தால் பிளேட்டை இறக்க முயலாதீர்கள். கடைசியாக ஸ்ட்ரெய்ன் ஸ்க்ரூவை அடிவரை இறுக்குங்கள்.

---

ஏழாம்அறை:

சைட்பிளேட் சொன்ன முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மெயின் ஸ்பிரிங் விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. ரீபவுண்ட் ஸ்பிரிங்கை 14க்கு இறக்கி மெயின் ஸ்பிரிங்கை அப்படியே விட்டால் சில துப்பாக்கிகளில் ட்ரிகர் திரும்புவது மந்தமாகும். கை வேகமானவர்களுக்கு அது பெரிய தொல்லை. முழுதாகத் திரும்புமுன் மறுபடி அழுத்தினால் சிலிண்டர் ஒரு அறை தள்ளிப் போகும், அல்லது ட்ரிகர் நடுவழியில் கட்டிவிடும். வீட்டுப் பாதுகாப்புக்கு வைத்த ரிவால்வரில் வெடிக்காத தோட்டாவைவிட மோசமானது இது. வெடிக்காவிட்டால் மறுபடி அழுத்தினால் அடுத்த அறை வரும், கட்டிப்போனால் விரலை விட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

அதனால் மெயின் ஸ்பிரிங் ஆலையுடையதாகவே இருக்கப்போகிறது என்றால் 16ல் தொடங்குங்கள். திருப்தி இல்லையென்றால் 15. ஸ்பிரிங் விலை குறைவுதான், இரண்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்புவதைச் சோதிக்க வழி: காலித் துப்பாக்கியில் டபுள் ஆக்ஷனில் முழுதாக அழுத்தி, விரலைத் தொட்டபடியே மிக மெதுவாக முன்னே விடுங்கள். ட்ரிகர் விரலைத் தள்ளிக்கொண்டே கடைசிவரை வர வேண்டும். எந்த இடத்திலாவது தயங்கி, விரலை எடுத்தபின் டக் என்று குதித்தால் ரீபவுண்ட் ஸ்பிரிங் போதவில்லை, அல்லது ஸ்லைடு உரசுகிறது. துடைத்து எண்ணெயிட்ட துப்பாக்கியில் மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். நூறு தோட்டா சுட்டு அழுக்கேறிய பிறகும் அதே சோதனையைச் செய்யுங்கள்.

சுருளை வெட்டி எடை குறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு சுற்று வெட்டினால் ஸ்பிரிங் மெலியும் என்று நினைக்கிறார்கள். குறைவது தொடக்க அழுத்தம் மட்டும். சுற்று குறையக் குறைய ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் அது முன்பைவிட அதிகமாக எதிர்க்கும். தொடக்கத்தில் லேசாக, முடிவில் கனமாக ஆகும். அதாவது நாம் விரும்புவதற்கு நேர் எதிர். மெயின் ஸ்பிரிங் பட்டையை வளைப்பதும் சாணை பிடிப்பதும் அப்படித்தான். சாணைக் கீறல் விழுந்த இடத்தில் ஒருநாள் முறியும்.

சிங்கிள் ஆக்ஷன் எடையும் கூடவே இறங்கும் என்பதைக் கவனியுங்கள். ரீபவுண்ட் ஸ்பிரிங் ட்ரிகரை எதிர்ப்பது இரண்டு முறையிலும்தான். இப்போது 3.5 என்றால் மாற்றியபின் 3க்கு அருகே வரலாம். 2.5க்குக் கீழே போனால் திரும்பக் கனமான ஸ்பிரிங் போடுங்கள். பூட்டி முடித்ததும் காலித் துப்பாக்கியில் ஹாமரை ஏற்றி வைத்து, ட்ரிகரைத் தொடாமல், கட்டைவிரலால் ஹாமரின் பின்புறத்தை அழுத்தமாக முன்னே தள்ளிப் பாருங்கள். விழக் கூடாது. விழுந்தால் அந்தத் துப்பாக்கியில் தோட்டா போடாமல் நேராகத் துப்பாக்கிப் பழுதாளரிடம் கொண்டு போங்கள்.

---

மேக்னம்பிரியன்:

இதையொட்டி எனக்கும் ஒரு கேள்வி. என்னுடையதும் 686 போலவே எல் ஃபிரேம் (ஃபிரேமின் அளவு வகை)தான். ரீபவுண்ட் 14, மெயின் ஸ்பிரிங் குறைந்த பலம். டபுள் ஆக்ஷன் 9 பவுண்டு. சிங்கிள் ஆக்ஷனில் எல்லாத் தோட்டாவும் வெடிக்கிறது. டபுள் ஆக்ஷனில் மட்டும் ரீலோட் தோட்டாக்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெடிப்பதில்லை. இரண்டாம் அடியில் வெடித்துவிடுகிறது. ஸ்ட்ரெய்ன் ஸ்க்ரூ இறுக்கமாகத்தான் இருக்கிறது. ஸ்பிரிங் மேல் தப்பா, தோட்டா மேல் தப்பா?

---

பிரைமர்தட்டு:

மேக்னம்பிரியன், இரண்டாம் அடியில் வெடிப்பது என்றால் முதலில் பிரைமர் உட்கார்ந்திருக்கும் ஆழத்தைப் பாருங்கள். பிரைமர் கூட்டின் அடிமட்டத்திலிருந்து 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே இருக்க வேண்டும். பிரைமர் குழியின் அடியைத் தொடாமல் சற்று மேலே நின்றால், முதல் அடியின் பலம் பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். இரண்டாவது அடி வெடிக்க வைக்கும். ரீலோட் செய்ததும் ஒவ்வொரு கூட்டையும் மேசையில் நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். ஆடினால் பிரைமர் வெளியே நிற்கிறது. பிரைமர் குழியில் கரி அடைந்திருந்தாலும் இதே கதைதான், சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டு அழுத்துங்கள்.

டபுள் ஆக்ஷனில் மட்டும் வருவதற்குக் காரணம் இருக்கிறது. சிங்கிள் ஆக்ஷனில் ஹாமர் முழு உயரத்திலிருந்து விழுகிறது. டபுள் ஆக்ஷனில் அதைவிடக் குறைந்த தூரத்திலேயே விடுபட்டுவிடுகிறது. அடியின் பலம் குறைவு. ஆகவே ஸ்பிரிங் மாற்றிய ரிவால்வரைச் சிங்கிள் ஆக்ஷனில் சோதித்துச் சான்று கொடுக்கக் கூடாது.

வெடிக்காத தோட்டாவின் பிரைமரில் ஃபயரிங் பின் விட்ட பள்ளத்தைப் பாருங்கள். நடுவில் இருந்து, ஆழம் மட்டும் குறைந்தால் பலம் போதவில்லை. ஓரம் தள்ளி இருந்தால் சிலிண்டர் சரியாகப் பூட்டவில்லை, அதற்கு ஸ்பிரிங் மருந்தில்லை. எப்போதும் ஒரே அறையில்தான் வருகிறதா என்பதையும் மார்க்கரால் குறித்துப் பாருங்கள்.

பிரைமர் கடினம் பிராண்டுக்குப் பிராண்டு மாறும். ஃபெடரல் 100 மென்மையானது, சிசிஐ 500 கடினம், வின்செஸ்டரும் ரெமிங்டனும் இடையில். 9 பவுண்டில் ஃபெடரல் போட்டால் பெரும்பாலும் பிரச்சினை தீரும். ஆனால் கடைத் தோட்டாவில் என்ன பிரைமர் வருகிறது என்பது உங்கள் கையில் இல்லை. குறிநோக்கிக்கு 10 சொன்னது அதனால்தான்.

பிரைமர் சரியாக உட்கார்ந்தும் வெடிக்கவில்லையென்றால் சிலிண்டரின் முன்பின் ஆட்டத்தை அளவுங்கள். சிலிண்டரைப் பின்னுக்குத் தள்ளிக் குழலுக்கும் சிலிண்டருக்கும் இடையே ஃபீலர் கேஜ் விடுங்கள், பிறகு முன்னே தள்ளி மறுபடி விடுங்கள். இரண்டுக்குமுள்ள வித்தியாசம்தான் ஆட்டம். 0.003 அங்குலத்துக்குள் இருந்தால் கவலையில்லை. 0.006க்குப் போனால் ஃபயரிங் பின் அடிக்கும்போது சிலிண்டர் முன்னே நகர்ந்து அடியை வாங்கிக்கொள்ளும். அதற்கென்று 0.002 அங்குல வளையத் தகடுகள் கிடைக்கின்றன.

ஹாமரின் பக்கவாட்டில் பளபளப்பான உரசல் கோடு தெரிந்தால் அது ஃபிரேமைத் தொட்டுக்கொண்டே விழுகிறது. அதற்கும் மெல்லிய வளையத் தகடு உண்டு, முளையில் ஹாமரின் இருபுறமும் போட்டு நடுவில் நிறுத்தலாம். உரசல் போனாலே பள்ளம் ஆழமாகும். இத்தனையும் பார்த்த பிறகும் தீராவிட்டால், ஆலை பின்னைவிடச் சற்று நீளமான ஃபயரிங் பின் போடலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் அதை வாங்காதீர்கள்.

ரேஞ்சில் கிளிக் என்றால் உடனே சிலிண்டரைத் திறக்க வேண்டாம். குழல் இலக்கை நோக்கி இருக்க 30 விநாடி காத்திருங்கள், தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. சத்தம் வழக்கத்தைவிட மெலிதாக இருந்தால் சுடுவதை நிறுத்திக் குழலில் குண்டு மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

---

கோவைக்காரன்:

இந்தியாவில் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களே திறக்க வேண்டாம். ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 5ன்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கத் தனி லைசென்ஸ் வேண்டும். வைத்திருக்கும் லைசென்ஸ் அதற்குப் போதாது. ஸ்பிரிங் சோர்ந்துவிட்டால் லைசென்ஸ் உள்ள பழுதாளரிடம் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்து வாங்குங்கள்.

---

குறிநோக்கி:

அனைவருக்கும் நன்றி. 16, 15 இரண்டு ரீபவுண்ட் ஸ்பிரிங்கும், அந்தக் கருவியும் ஆர்டர் செய்துவிட்டேன். மெயின் ஸ்பிரிங்கைத் தொடப்போவதில்லை. பூட்டிய பிறகு, ரேஞ்சுக்குப் போகுமுன் வீட்டிலேயே ஹாமர் அடியை ஒப்பிட வழி இருக்கிறதா? எத்தனை தோட்டா சுட்டபின் இரவுக்கு நம்பி வைக்கலாம்?

---

சைட்பிளேட்:

பென்சில் சோதனை செய்யுங்கள். காலித் துப்பாக்கியில் முதலில் ஹாமரை ஏற்றி வைத்து, குழல் மேல்நோக்கி நேராகப் பிடித்து, ரப்பர் உள்ள பென்சிலை ரப்பர் கீழே இருக்கும்படி குழலுக்குள் விடுங்கள். ட்ரிகரை அழுத்தினால் ஃபயரிங் பின் பென்சிலை மேலே எறியும். டபுள் ஆக்ஷனில் முடியாது, அறைக்குள் நிற்கும் பென்சில் சிலிண்டரைச் சுழல விடாது. ஸ்பிரிங் மாற்றுமுன் எவ்வளவு உயரம் போகிறது என்று சுவரில் குறித்து வைத்து, மாற்றியபின் அதே பென்சிலோடு ஒப்பிடுங்கள். உயரத்துக்குத் தனி அர்த்தம் இல்லை, வித்தியாசத்துக்குத்தான். நீங்கள் ரீபவுண்ட் மட்டும் மாற்றுவதால் உயரம் குறையக் கூடாது. குறைந்தால் ஸ்ட்ரெய்ன் ஸ்க்ரூவை இறுக்க மறந்திருக்கிறீர்கள், அல்லது ஹாமர் எங்கோ உரசுகிறது.

காலிக் கூட்டில் பிரைமர் மட்டும் போட்டு அடித்துப் பார்க்கும் வழியும் இருக்கிறது. அதில் ஒரு சிக்கல். மருந்தும் குண்டும் இல்லாததால் கூடு பின்னுக்கு வந்து பிரைமரைத் திரும்ப உட்கார வைக்காது, பிரைமர் வெளியே பிதுங்கிச் சிலிண்டரைக் கட்டும். ஸ்பிரிங்கில் கோளாறு என்று பயந்துவிடாதீர்கள். அதையும் ரேஞ்சில்தான் செய்ய வேண்டும்.

நம்பி வைப்பதற்கு, இரவில் போடப்போகும் அதே தோட்டாவில் குறைந்தது ஐம்பது, ரேஞ்சுத் தோட்டாவில் நூற்றைம்பது. அத்தனையும் டபுள் ஆக்ஷனில், இடையில் துடைக்காமல். ஒரு கிளிக் வந்தாலும் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டு எண்ணிக்கையை ஒன்றிலிருந்து தொடங்குங்கள். பழைய 18 பவுண்டு ஸ்பிரிங்கைப் பெயர் எழுதிய உறையில் போட்டு வையுங்கள். புதுசும் பழசும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும்.